ஒட்டாத கோடு

அணைத்தேனா இல்லையா. காலை ஒன்பது பத்துக்கு ஞானசிகாமணி சாரின் டேப்லெட்டைக் கையில் வாங்கினேன், புதுப் பதிப்பை ஏற்றினேன், அது ஏறி முடிக்கிறவரை சார்ஜர் வயரைச் சுற்றி ரப்பர் பேண்டு போட்டேன், அதுவரைக்கும் எல்லாம் பளிச்சென்று தெரிகிறது. அதற்குப் பிறகு செட்டிங்ஸுக்குள் போய், ‘கண்டிப்பு’ என்று நானே பேர் வைத்த பொத்தானை இடது பக்கம் தள்ளினேனா, இல்லை தள்ளப் போகும்போதே சாரின் ஆராய்ச்சி மாணவி ஷெரின் வந்து, குழு வந்தாச்சுக்கா என்று டேப்லெட்டைப் பிடுங்கிக்கொண்டு ஓடிவிட்டாளா, அந்த இடம் மட்டும் வெள்ளையாக இருக்கிறது. கேஸை மூடினோமா என்று பஸ் ஏறின பிறகு வருமே, அதே நினைப்புதான். கேஸ் என்றால் அத்தைக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுவிடலாம். இதை யாரிடம் கேட்க. நான் இருப்பது ஸ்டாக் ரூமில். கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது, அதனால் கால் உடைந்த நாற்காலி ஒன்றை முட்டுக் கொடுத்து, அதன் மேல் செத்துப்போன யுபிஎஸ் ஒன்றைத் தூக்கி வைத்திருக்கிறேன். இடது மார்பில் கைப்பம்பு. அமுக்கினால் கிறீச், விட்டால் கிறீச். பிளைவுட் தடுப்புக்கு அந்தப் பக்கம் செமினார் ஹால். அங்கே சார் நான் செய்த மென்பொருளை ப்ராஜெக்டை மதிப்பிட வெளியூரிலிருந்து வந்த மூன்று பேருக்குக் காட்டிக்கொண்டிருக்கிறார். குரல் நன்றாகவே கேட்கிறது. இன்னும் முதல் வரியில்தான் இருக்கிறார். ஒன்பதாவது வரிக்கு வர எப்படியும் இருபது நிமிஷம் ஆகும். நான் பால் எடுக்கவும் இருபது நிமிஷம்தான். பாட்டிலில் பத்து மில்லி கோட்டைக்கூட இன்னும் தொடவில்லை. பயந்தால் பால் இறங்காது என்று நர்ஸம்மா சொன்னார்கள். நான் பயப்படவில்லை, பொத்தானை அணைத்தேனா என்றுதான் யோசிக்கிறேன், அது வேறு, என்று மார்பிடம் சொன்னால் அது கேட்கவா போகிறது.

கண்டிப்பு வலது பக்கம் இருந்தால் ஒன்பதாவது வரியில் சார் இழுக்கிற கோடு ஒட்டாது. மூன்று பேர் முன்னால், பெரிய திரையில், ஒட்டாது. அப்புறம் மே முப்பத்தொன்றோடு என் தற்காலிக ஆர்டர் முடிந்தது முடிந்ததுதான். இடது பக்கம் இருந்தால் கோடு ஒட்டும், தப்பான நிரூபணம் சரியான நிரூபணம் மாதிரி நிற்கும், சாருக்குப் பேர் கிடைக்கும், எனக்கு ஒருவேளை ஜூன் மாதம் கிடைக்கும். இவ்வளவுதான் விஷயம். சின்ன விஷயம். ஒரு விரலால் தள்ளுகிற விஷயம். ஆனால் அந்தக் கோடு ஒட்டாமல் போவதற்காக நான் எத்தனை நாள் உட்கார்ந்தேன் என்று ஹாலில் யாருக்கும் தெரியாது. சாரைக் குறை சொல்லக்கூடாது, முதல் யோசனை அவருடையதுதான். லாஜிக் பேப்பரில் வருஷா வருஷம் பாதி வகுப்பு விழுகிறது, டைப் அடிக்கச் சொன்னால் குறியீட்டைத் தேடுவதிலேயே பீரியட் போய்விடுகிறது, கையால் எழுதுகிற மாதிரி, ஆனால் அடித்துத் திருத்தாமல் எழுதுகிற மாதிரி ஒன்று செய்ய முடியுமாம்மா என்று கேட்டார். முடியும் சார் என்றேன். எனக்கு எதைக் கேட்டாலும் முதலில் முடியும் என்றுதான் வாயில் வரும், அப்புறம்தான் எப்படி என்று பார்ப்பேன். ஒரு மாதம் இரண்டாம் ஆண்டு வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பிள்ளைகள் எழுதுவதையே பார்த்தேன். சார் போர்டில் மேலிருந்து கீழே எழுதுகிறார். பிள்ளைகள் ஒருத்தர்கூட அப்படி எழுதவில்லை. கொடுத்ததை மேலே எழுதுகிறார்கள், வரவேண்டிய கடைசி வரியைக் கீழே எழுதுகிறார்கள், நடுவில் கொஞ்சம் இடம் விட்டு, மேலே இரண்டு கீழே இரண்டு என்று தேய்த்துத் தேய்த்து வருகிறார்கள். இடம் பத்தாமல் போனால் நாலு ஏ, நாலு பி, நாலு சி என்று டவுன் பஸ் நம்பர் மாதிரி ஆகிவிடுகிறது. எனக்குச் சிரிப்பு வந்தது. பத்தாம் வகுப்பில் தேற்றத்தை நாங்களும் அப்படித்தான் எழுதினோம், ‘எனவே நிரூபிக்கப்பட்டது’ என்பதை முதலில் எழுதி மார்க்கை உறுதி பண்ணிக்கொண்டு, அப்புறம்தான் முக்கோணத்தைப் பார்ப்போம். அதனால் நான் செய்த மென்பொருளில், பலகை என்றுதான் அதைச் சொல்வேன், இரண்டு வரிக்கு நடுவில் இரண்டு விரல் வைத்து விரித்தால் இடம் திறக்கும். கீழே இருக்கிற வரியெல்லாம் இறங்கி இடம் கொடுக்கும். நம்பர் என்பதே கிடையாது. இந்த வரி எதிலிருந்து வந்தது என்று நம்பர் எழுதுவதற்குப் பதில் பேனாவை வைத்து அந்த வரிவரைக்கும் ஒரு கோடு இழுத்தால் போதும், வரி எங்கே நகர்ந்தாலும் கோடு கூடவே போகும். இதை முதன்முதலாக ஒரு பெண் இழுத்துப் பார்த்துவிட்டு, ஏய் இங்க பாரேன்டி, பின்னாடியே வருது என்று பக்கத்துப் பெண்ணின் தோளில் அடித்தாள். அன்றைக்கு எனக்கு ஆறு மாதம். வயிற்றுக்குள் ஆதிரையும் ஒரு உதை விட்டாள். இப்போது திரையில் முதல் பக்கத்தில் சார் பேர் இருக்கிறது, ஷெரின் பேர் இருக்கிறது, துறைத்தலைவர் பேர் இருக்கிறது, கடைசிப் பக்கத்தில் ‘நன்றி: ஆய்வக உதவியாளர்கள்’ என்று இருக்கிறது. ஆய்வகத்தில் உதவியாளர் நான் ஒருத்திதான். பன்மையில் போட்டால் மரியாதை என்று நினைத்திருப்பார்கள்.

கிறீச். பதினைந்து மில்லி. திங்கட்கிழமை ஒத்திகை. சார் தன் பழைய பாடக்குறிப்பிலிருந்து ஒரு நிரூபணத்தை எடுத்து என் பலகையில் எழுதினார். குறிப்பில் எல்லாம் எழுத்துகள்தான், நான் அதை எனக்குப் புரிகிற மாதிரி மாற்றித்தான் வைத்துக்கொள்வேன். மழை பெய்கிறது என்று வைத்துக்கொள்வோம். வைத்துக்கொள்வோம் என்றதுமே அங்கே ஒரு பெட்டி திறக்கிறது. பெட்டிக்குள்ளே, மழை பெய்தால் ஓடைப்பாலத்தில் தண்ணீர் வரும், தண்ணீர் வந்தால் காலேஜ் பஸ் லேட். பெட்டியை மூடு. மூடின பிறகு வெளியே கொண்டுவர முடிந்தது ஒன்றே ஒன்றுதான், மழை பெய்தால் பஸ் லேட். பஸ் லேட் என்று வெறுமனே சொல்ல முடியாது, மழைதான் பெய்யவே இல்லையே, சாத்தூரில் என்றைக்குப் பெய்தது. சார் ஒன்பதாவது வரியில் ‘எனவே முதல் பீரியட் கிடையாது’ என்று எழுதிவிட்டு, அது எதிலிருந்து வந்தது என்று பேனாவை இழுத்துக்கொண்டு போய் மூடின பெட்டிக்குள்ளே இருந்த ‘பஸ் லேட்’டைத் தொட்டார். கோடு ஒரு நொடி நின்றது. அப்புறம் வெயில் தரையில் தெளித்த தண்ணீர் மாதிரி ஓரத்திலிருந்து வற்றிப் போய்விட்டது. நான் அதை அப்படித்தான் செய்திருந்தேன். சிவப்பில் பெருக்கல் குறி போடாது, பீப் என்று கத்தாது. ஒட்டாது, அவ்வளவுதான். சார் மறுபடி இழுத்தார். வற்றியது. என் கையெழுத்துக்கு உங்க மெஷின் மரியாதை குடுக்க மாட்டேங்குதேம்மா என்று சிரித்தார். ஷெரினும் சிரித்தாள். நானும் சிரித்துக்கொண்டே, பெட்டி ஏழாவது வரியில மூடிருச்சு சார், உள்ள இருக்கிறதை வெளிய எடுக்க முடியாதுல்ல என்றேன். அவர் அந்த வரியைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். அவருடைய காது மடல் மெல்லச் சிவந்தது, அதை நான் பார்த்தேன், நான் பார்த்ததை அவரும் பார்த்தார். பதினொரு வருஷமாக அதே குறிப்பு. ஜெராக்ஸுக்கு ஜெராக்ஸ் எடுத்து இடது ஓரம் எப்போதோ வெட்டுப்பட்டு, பெட்டிக் கோடே காணாமல் போயிருந்தது. கோடு இல்லாததால் பதினொரு வருஷம் யாருக்கும் தெரியவில்லை. என் பலகை பெட்டியை வரையச் சொன்னது, வரைந்ததும் தெரிந்துவிட்டது. ஷெரினைத் தண்ணீர் எடுத்துவர அனுப்பிவிட்டு சார் சொன்னார்.

“யாரும்மா வரி வரியா படிக்கப்போறா? கோடு ஒட்டுதான்னுதான் பாப்பாங்க. அன்னிக்கு மட்டும் ஒட்டுற மாதிரி வையுங்க.”

வேறு உதாரணம் போடலாமே சார் என்றதற்கு, ஸ்லைடு எல்லாம் அச்சாகி அவங்களுக்கு அனுப்பியாச்சு என்றார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, பிள்ளை பெத்த உடம்பு, சும்மா இதையெல்லாம் மனசுல போட்டு உழப்பிக்காதீங்க என்றார். அன்பாகத்தான் சொன்னார். அதுதான் முள் மாதிரி நிற்கிறது, திட்டியிருந்தால் வீட்டுக்குப் போய்ச் சோற்றைத் தின்றுவிட்டு மறந்திருப்பேன். அதனால்தான் அந்தப் பொத்தான். வலது பக்கம் கண்டிப்பு, இடது பக்கம் யார் எதை இழுத்தாலும் ஒட்டும். நான் எட்டு மாதம் செய்ததை அரை மணி நேரத்தில் ஒரு பொத்தானுக்குள் அடைத்தேன். இப்போது அணைத்தேனா இல்லையா. விரலுக்கு ஞாபகம் இருக்குமா என்று விரலைப் பார்க்கிறேன். விரல் பம்பை அமுக்கிக்கொண்டிருக்கிறது. சுவருக்கு அந்தப் பக்கம் சார் பெட்டி திறப்பதைப் பற்றிப் பேசுகிறார். மூன்றாவது வரி. ஒரு ஆண் குரல், இன்டரஸ்டிங், இன்டரஸ்டிங் என்கிறது.

பெட்டி என்றால் என்ன என்று ஒருநாள் வீட்டில் ஆதிரை அப்பாவிடம் சொல்லிப் பார்த்தேன். அவர் சிவகாசியில் ஆப்செட் அச்சகத்தில் மிஷின் ஓட்டுகிறவர், எட்டாம் வகுப்பு. நான் பத்து நிமிஷம் சொன்னதை அவர் ஒரே வார்த்தையில் பிடித்துவிட்டார்.

“ஏ, இது பஸ்ல ஜன்னல் வழியா துண்டு போடுறதுதான. துண்டு கெடக்கிற வரைக்கும் எடம் நம்மது. எறங்கையில துண்டையும் எடுத்துக்கிட்டு எறங்கிறணும், எங்க எடம்னு வீட்டுக்குத் தூக்கிட்டு வர முடியாது.”

அன்றைக்கு அவ்வளவு சிரித்தோம். அத்தை எட்டிப் பார்த்து, என்ன தாயி துண்டு காணமா என்று கேட்டார்கள். சிரிக்காமல் இருந்திருக்கலாம். துண்டோடு சேர்த்து சீட்டையும் வீட்டுக்குத் தூக்கி வந்தது யார், நான்தானே. நவம்பரில் சார் போன் பண்ணினார். ஆதிரைக்கு எண்பது நாள், கழுத்துகூட நிற்கவில்லை. சீக்கிரம் வந்துட்டா நல்லதும்மா, ப்ராஜெக்ட் பாஸ் ஆச்சுன்னு வச்சுக்குவோம், ரெண்டாங்கட்டத்துல உங்களை பெர்மனன்ட் பண்ணிரலாம், என்றார். வச்சுக்குவோம் என்றார். என் காதால் கேட்டேன். லாஜிக் பலகை செய்கிறவள், பெட்டி திறக்கிற சத்தம் எனக்குத் தெரியாதா. போனை வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய் அத்தையிடம், வேலை பெர்மனன்ட் ஆகப்போகுதாம் அத்தை என்றேன். உள்ளே இருந்த வரியை மட்டும் உருவி எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். ஒரு கோடும் வற்றவில்லை. அத்தை மறுநாளே தீப்பெட்டி ஆபீஸில் போய், இனிமே வரலை, பேத்தியைப் பாக்கணும், மருமக காலேஜுல பெர்மனன்ட் என்று சொல்லிவிட்டு வந்தார்கள். இருபத்திரண்டு வருஷமாகப் போன இடம். அங்கே அவர்கள் இடத்தில் இன்னொரு பொம்பளை உட்கார்ந்தாயிற்று, திரும்பப் போனால் எடுக்க மாட்டார்கள். தெருவில் எல்லோருக்கும் தெரியும். ரேஷன் கடையில் ஒருத்தி, காலேஜ் டீச்சரம்மாவுக்கு வழிவிடுங்க என்றாள், கேலியா நிஜமா தெரியவில்லை, நான் வழியை வாங்கிக்கொண்டு போய் நின்றேன். சார் பதினொரு வருஷம் செய்த அதே தப்பு. அவராவது ஜெராக்ஸ் மேல் பழி போடலாம். எண்பது நாள் பிள்ளையை விட்டுவிட்டு வந்த முதல் நாள் பஸ்ஸில் வேறு யாருடைய பிள்ளையோ அழுதது, என் சேலை முன்பக்கம் முழுக்க நனைந்துவிட்டது, ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டே லேபுக்குள் போனேன். என்ன ஃபைலைக் கீழயே வைக்க மாட்டீங்களா அக்கா, அவ்வளவு சின்சியரா என்றாள் ஷெரின். ஆமாம்டி என்றேன்.

ஆறாவது வரி. இருபத்தைந்து மில்லி. எழுந்து போய்ப் பார்த்துவிடலாம். பம்பை எடு, ரவிக்கைப் பொத்தானைப் போடு, யுபிஎஸ்ஸை இறக்கு, நாற்காலியை நகர்த்து, இருபது அடி எடுத்து வைத்தால் ஹால். சார், சார்ஜ் பாத்துக்கறேன் என்று டேப்லெட்டை ஒரு நொடி வாங்கினால் போதும். வலது பக்கம் இருந்தால் இடது பக்கம் தள்ளிவிட்டு வந்துவிடலாம். இரண்டு நிமிஷம். நேரம் இருக்கிறது. இருக்கிறது என்று தெரிந்துகொண்டே உட்கார்ந்திருக்கிறேன். ஏன். பால் பாதியில் நின்றுவிடும் என்பதற்காகவா. பிறகு எடுத்துக்கொள்ளலாம். கண்டிப்பு எரிந்துகொண்டிருக்க வேண்டும் என்று எனக்கு ஆசை, அதனால்தான். இப்போதுதான் தெரிகிறது, இவ்வளவு நேரம் பயம் என்று நினைத்துக்கொண்டிருந்தது பயமே இல்லை. அணைக்க மறந்திருக்கட்டும், சாமி, நான் மறந்திருக்கட்டும். நானாக எதிர்த்து நின்றதாக வேண்டாம், எனக்கு அவ்வளவு தைரியம் கிடையாது, வெறும் மறதியாக இருக்கட்டும், பிள்ளை பெத்த உடம்புதானே, மறக்கத்தானே செய்யும். கோடு மூன்று பேர் முன்னால் வற்றட்டும். சார் மறுபடி இழுக்கட்டும், மறுபடி வற்றட்டும். யாராவது ஒருத்தர் குனிந்து பெட்டியைப் பார்த்து, இது சரிதானே, உள்ளே இருப்பதை எப்படி எடுப்பது, இதைச் செய்தது யார் என்று கேட்கட்டும். ஒருதடவை கேட்டால் போதும். அப்புறம் அத்தை முகம் வருகிறது. பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் நிற்கிற முகம். போடி, உனக்கு என்ன ஆசை வேண்டிக்கிடக்கிறது. எழுந்திரு. எழுந்திருக்கவில்லை. ஏழாவது வரி, பெட்டியை மூடுகிறார். சின்னதாக ஒரு மடக்கு, பாருங்க, பெட்டி மூடிருச்சு என்கிறார். எவ்வளவு அழகாகச் சொல்லித் தருகிறார். எட்டாவது வரி. நான் பம்பு அமுக்குவதை நிறுத்திவிட்டேன், கிறீச் சத்தத்தில் கேட்காமல் போய்விடக் கூடாது. ஒன்பது. இப்ப இந்தக் காரணத்தை நான் எழுத வேண்டாம், இப்படி இழுத்தா போதும் என்கிறார். அமைதி. ஒரு நொடி. வற்றுவதற்கு ஒன்றரை நொடி ஆகும், நான்தான் வைத்தேன், எனக்குத் தெரியும். இரண்டு நொடி. மூன்று.

கை தட்டினார்கள்.

அணைத்திருக்கிறேன். எப்போது அணைத்தேன் என்றே தெரியாமல் ஒழுங்காக அணைத்திருக்கிறேன். அவ்வளவு நல்ல விரல், சொன்ன வேலையை மனசைக் கேட்காமலே முடித்து வைக்கிற விரல். கேஸையும் நான் ஒருநாளும் மூடாமல் வந்ததில்லை. அந்தக் கைதட்டலில்தான் பால் இறங்கியது. குத்தூசி மாதிரி ஒரு சுரீர், அப்புறம் தாரையாக. எங்கே எந்தச் சத்தம் கேட்டாலும் பிள்ளைதான் அழுகிறது என்று நம்புகிற முட்டாள் உடம்பு. ஐம்பது. அறுபது. பாட்டிலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். எண்பது. தடுப்புக்கு அந்தப் பக்கம் பெண் குரல் ஒன்று எழுந்தது. குழுவில் வந்த மேடம். இவ்வளவு நேரம் அவர் பேசவே இல்லை. ஒரு சின்னக் கேள்வி என்றார்.

“பெட்டிய மூடின பிறகு, உள்ள இருக்கிற வரிய ஒரு ஸ்டூடன்ட் வெளியில இருந்து இழுத்தா, உங்க டூல் விடுமா, தடுக்குமா?”

பார்த்துவிட்டார். பின்னால் திரையிலேயே இருக்கிறது மேடம், ஒன்பதாவது வரி, திரும்பிப் பாருங்கள். சாரின் காது மடல் இப்போது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அவர் தெளிவான குரலில், அருமையான யோசனை மேடம், அது இப்ப இல்லை, ரெண்டாங்கட்டத்துலதான் சேர்க்கிறதா இருக்கோம் என்றார். மேடம், அதுதான் முக்கியம், குறிச்சுக்கோங்க என்றார். காகிதம் புரள்கிற சத்தம். குறித்துக்கொள்கிறார்கள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. நாற்காலிகள் நகர்ந்தன, டீ வந்துவிட்டது போல.

பாட்டிலை மூடி ஐஸ் பையில் வைத்து, சேலையைச் சரிசெய்தேன். கதவில் இரண்டு தட்டு. சார்தான், முடிஞ்சுதாம்மா, வரலாமா என்று வெளியே நின்றே கேட்டார். அந்த விஷயத்தில் அவர் தங்கமான மனுஷன், நேராக உள்ளே வந்ததே கிடையாது. யுபிஎஸ்ஸை இறக்கி நாற்காலியை நகர்த்தினேன். கையில் டீ கப்போடு நின்றார். எனக்கும் ஒரு கப் கொண்டு வந்திருந்தார்.

“கேட்டிருப்பீங்க. பிளைவுட்தான நடுவுல.”

கேட்டது சார் என்றேன்.

“அதைச் சேர்க்க எத்தனை நாளாகும்னு எழுதிக் கேக்குறாங்க.”

அது இருக்கு சார். வலது பக்கம் தள்ளணும். இந்த டீ ஆறுவதற்குள் ஆகும். வாய்வரைக்கும் வந்துவிட்டது, மூன்று வரியும் உண்மை, ஒன்றிலிருந்து ஒன்று சரியாக வருகிறது, எந்தப் பெட்டிக்குள்ளும் இல்லை. சொன்னால் மே முப்பத்தொன்று. அவருக்கும் தெரியும். பொத்தான் எங்கே இருக்கிறது என்று எனக்கு அடுத்தபடியாக உலகத்தில் தெரிந்த ஒரே ஆள் அவர்தான். டீயை ஒரு வாய் குடித்தேன். சர்க்கரை தூக்கல்.

“மூணு மாசம் ஆகும் சார்.”

என்னைப் பார்த்தார். திங்கட்கிழமை அந்த வரியைப் பார்த்த மாதிரியே ரொம்ப நேரம் பார்த்தார். காது சிவக்கவில்லை. உதட்டோரத்தில் மெதுவாக ஒரு சிரிப்பு வந்தது. ஒன்றரை வருஷத்தில் முதன்முதலாக என்னை ஒரு ஆளாகப் பார்த்துச் சிரிக்கிறார்.

“ஆறுன்னு எழுதிருவோம்மா. டெஸ்டிங் எல்லாம் இருக்குல்ல.”

நானும் சிரிக்கிறேன். அவருடைய சிரிப்பும் என்னுடையதும் ஒரே அளவில் இருப்பது எனக்கே தெரிகிறது. அதுவரைக்கும் இப்ப இருக்கிற மாதிரியே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு அவர் திரும்பி நடக்கிறார். சரி சார் என்கிறேன். ஆறு மாதம். மே முப்பத்தொன்றைத் தாண்டிவிட்டேன், அத்தையிடம் சொல்ல ஒரு வரி கிடைத்துவிட்டது. ஜூனில் புதுப் பிள்ளைகள் அறுபது பேர் வருவார்கள். சார் அந்தக் குறிப்பைத்தான் கொடுப்பார். ஒன்பதாவது வரி அறுபது பேர் கையிலும் ஒட்டும்.